மண்டபம் நண்டுக் கடையில் விடியற்காலையில் மட்டும் மறைந்துபோன தராசு: ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபத்தின் வடகடல் பக்கம், மீன் இறங்குதளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நண்டும் கணவாயும் எடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடையின் மின்னணுத் தராசு காட்டும் எடை கணினிக்கு வந்து சேராத கோளாறு டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கியதாக எனக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அது அக்டோபரிலேயே தொடங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலான இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று வாரங்களும், இராமநாதபுரத்திலிருந்து மூன்று பயணங்களும் பிடித்தன. லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி சாதனம் ஒன்று ‘காணவில்லை’ என்று சொல்லப்படும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் இருக்கக்கூடும். இங்கே அவற்றில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. மேலே இருந்ததை நீக்கிவிட்டு வேலை முடிந்ததென்று நான் பேருந்து ஏறியதுதான் இந்த நிகழ்வின் முதல் தவறு.

கடையின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. முன்பகுதியில் தராசும், நண்டுப் பெட்டிகளும், ஐஸ் உடைக்கும் இயந்திரமும் இருக்கின்றன. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பழைய மேசைக் கணினி இருக்கிறது. தராசில் ஒன்பது ஊசி கொண்ட ஆர்எஸ்-232 என்னும் பழைய வகைத் தரவு வெளியீடு உண்டு. அதன் சைகையை யுஎஸ்பியாக மாற்றும், சிஎச்340 சில்லு உள்ள மாற்றி ஒன்று அதில் செருகப்பட்டு, அதிலிருந்து ஐந்து மீட்டர் நீட்டிப்புக் கம்பிகள் இரண்டு, ஒன்றோடொன்று மாட்டப்பட்டு, வடக்குச் சுவர் ஓரமாக வந்து கணினியின் முன்பக்கத் துளையில் சேர்ந்தன. படகுக்காரர்கள் தங்கள் பெட்டியின் எடையைத் தாங்களே பார்த்துக்கொள்ளச் சிவப்பு எண் பலகை ஒன்றும் உண்டு. அது தடுப்பின்மேல், கணினிக்கு நேர் மேலே இருக்கிறது. அதற்கும் அதே வகை மாற்றிதான், ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. ஆனால் ஒரு மீட்டர் கம்பியோடு கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகப்பட்டிருந்தது. தராசிலிருந்து வரும் எண்ணைப் படித்துக் கணக்கில் ஏற்றி, பலகைக்கு அனுப்பி, துண்டுச்சீட்டு அடிக்கும் சிறிய பைத்தான் நிரலை மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆகவே இதில் வேறு யாரையும் குறை சொல்லும் வசதி எனக்கு இல்லை.

நவம்பர் இறுதியில் அந்தக் கணினியை உபுண்டு 20.04 பதிப்பிலிருந்து 22.04 பதிப்புக்கு ஏற்றினேன். ஏற்றியது பிற்பகல், அப்போது தராசு அணைக்கப்பட்டிருந்தது, கணக்கு நிரல் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலையில் கணக்கு எழுதும் பெண் அழைத்தார். “அண்ணே, தராசுல எடை விழுது, கம்ப்யூட்டர்ல வரல. போர்டும் எரியல. படகுக்காரங்க நிக்கிறாங்க.” அன்று முழுவதும் கையால் நோட்டில் எழுதிச் சமாளித்திருக்கிறார்கள். எடை பலகையில் தெரியாவிட்டால் பேச்சு வரும் என்பது அந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அன்று பிற்பகலே போய்ப் பார்த்தேன். இணைக்கப்பட்ட சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை, 1ஏ86:7523 என்ற அடையாள எண்ணோடு இரண்டு மாற்றிகளையும் காட்டியது. ஆனால் மாற்றிகளோடு பேச நிரல் திறக்க வேண்டிய டிடிஒய்யுஎஸ்பி0, டிடிஒய்யுஎஸ்பி1 என்ற இரண்டு கோப்புகளும் இல்லை. இந்த வேறுபாடு முக்கியமானது. பட்டியலில் சாதனமே வராவிட்டால் கம்பி, துளை, மின்சாரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பட்டியலில் வந்தும் கோப்பு இல்லையென்றால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், சாதனத்தை இயக்கும் நிரலான இயக்கி அதைக் கைக்கொள்ளவில்லை, அல்லது கைக்கொண்டதை வேறு யாரோ பறித்துவிட்டார்கள் என்று பொருள். கோப்பும் இருந்து நிரல் மட்டும் திறக்க முடியாவிட்டால் அது அனுமதிச் சிக்கல்; இந்தக் கோப்புகளைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனர் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். இங்கே அவர் அந்தக் குழுவில் இருந்தார்.

கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளை விடையை நேராகவே சொன்னது. சிஎச்341 என்ற இயக்கி மாற்றியைக் கண்டுகொண்டு டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரைக் கொடுக்கிறது. அடுத்த நொடியிலேயே, சிஎச்341 வைத்திருக்கும் இடைமுகத்தில் பிஆர்எல்டிடிஒய் என்னும் நிரல் தன் அமைப்பைத் திணிப்பதாக ஒரு வரி வருகிறது. அதற்கடுத்த வரியில் மாற்றி டிடிஒய்யுஎஸ்பி0-விலிருந்து துண்டிக்கப்படுகிறது. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் நிரல். அத்தகைய கருவிகளில் ஒன்று இதே பொதுவான சில்லைப் பயன்படுத்துவதால், அதற்கும் அடையாள எண் இதே 1ஏ86:7523 தான். சாதனம் செருகப்பட்டதும் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லும் யூடெவ் விதிக்கோப்பு அந்த எண்ணைப் பார்த்து, வந்திருப்பது பிரெய்ல் கருவி என்று முடிவு செய்து, நிரலை எழுப்பிவிடுகிறது. எண்ணை மட்டும் கொண்டு ஆளை அடையாளம் காண்பதில் உள்ள இடர் இது. ஒரே சீருடையில் வந்த இருவரில் யாரை உள்ளே அழைத்தோம் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

இணையத்தில் பெரும்பாலோர் பிஆர்எல்டிடிஒய் நிரல் பொதியையே நீக்கிவிடச் சொல்கிறார்கள். ஒரு தராசுக்காகப் பிரெய்ல் வசதி முழுவதையும் கணினியிலிருந்து எடுத்தெறிவதில் எனக்கு உடன்பாடில்லை. 85 என்ற எண்ணில் தொடங்கும் அந்த விதிக்கோப்பை அமைப்புக் கோப்புகளுக்கான ஈடிசி அடைவின் யூடெவ் விதிகளுக்குள் அதே பெயரில் படியெடுத்து, 7523 வரும் வரியை மட்டும் செயலிழக்கச் செய்தேன். ஈடிசியில் உள்ள கோப்புக்கே முன்னுரிமை என்பதால் மூலக்கோப்பைத் தொட வேண்டியதில்லை. பொதி புதுப்பிக்கப்பட்டாலும் என் மாற்றம் அழியாது. விதிகளை மறுபடி ஏற்றி, இரண்டு மாற்றிகளையும் கழற்றி மாட்டினேன். இரண்டு கோப்புகளும் வந்தன. ஐந்து கிலோ எடைக்கல்லைத் தராசில் வைத்தோம், 5.000 என்று பலகையில் எரிந்தது, சீட்டு வந்தது. மணி அப்போது மூன்றரை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணி நேரம் முக்கியமென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை ஐந்தே முக்காலுக்கு மறுபடியும் அழைப்பு. “அண்ணே, திரும்பவும் போச்சு.” ஏதோ புதுப்பிப்பில் விதிக்கோப்பு மாறியிருக்கும் என்று படுக்கையிலிருந்தபடியே முடிவு செய்தேன். தராசின் கம்பியைக் கழற்றி மாட்டச் சொன்னேன். மாட்டினார், வரவில்லை. கணினியை அணைத்துப் போடச் சொன்னேன், வந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி போனது. அடுத்த இரண்டு வாரமும் இப்படியே நடந்தது. சில நாள் ஒருமுறை, சில நாள் நான்கு முறை, சில நாள் ஒன்றுமில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் ஒருநாளும் இல்லை. ஒருமுறை கணினியை அணைத்துப் போட்டபோது எண்கள் இடம் மாறி, பலகை டிடிஒய்யுஎஸ்பி0 ஆகவும் தராசு டிடிஒய்யுஎஸ்பி1 ஆகவும் எழுந்தன. பலகைக்கு அனுப்ப வேண்டிய எண்ணை நிரல் தராசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு வாரத்தில் நான் செய்தவற்றில் பெரும்பகுதி வீண். அந்நாட்களில் ஒருமுறை நேரில் போனபோது, பயன்பாட்டில் இல்லாத யுஎஸ்பி சாதனத்தைக் கெர்னல் தானாக உறங்கவைக்கும் ஏற்பாட்டைச் சந்தேகித்து, சாதனத்தின் மின் கட்டுப்பாட்டை எப்போதும் விழித்திருக்கும்படி மாற்றினேன். நொடிக்குப் பலமுறை எண் அனுப்பிக்கொண்டிருக்கும் தராசுக்கு உறக்கம் எங்கிருந்து வரும் என்று யோசித்திருந்தாலே அதைத் தொட்டிருக்க மாட்டேன். கம்பியை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றியதும் அன்றுதான். மறுநாள் காலை ஒருமுறைகூடப் போகவில்லை. அதற்கு மறுநாள் மூன்று முறை போனது.

திருப்பம் ஒரு தொலைபேசி உரையாடலில் வந்தது. கோளாறு நிகழ்ந்த அந்த நிமிடத்திலேயே கெர்னல் பதிவின் கடைசி வரிகளை எனக்குப் படித்துக் காட்டும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், “துளை 3 முடக்கப்பட்டது” என்ற பொருள்படும் வரியில் நின்று, “ஈஎம்ஐன்னு போட்டுக் கேள்விக்குறி வெச்சிருக்குண்ணே” என்றார். பின்னாலிருந்து கடைக்கார அக்காவின் குரல் கேட்டது. “என்ன தம்பி, ஈஎம்ஐங்குது? வண்டிக்கு இந்த மாசம் கட்டியாச்சே!” அது தவணை இல்லை, மின்காந்தக் குறுக்கீடு என்று விளக்கினேன். சாதனம் செருகியபடியே இருக்க, துளை மட்டும் தானாக முடங்கிப்போகும்போது லினக்ஸ் கெர்னல் அந்த வரியை எழுதிவிட்டுத் துளையை மறுபடி இயக்கும். காரணம் தெரியாததை ஒப்புக்கொண்டு ஓர் ஊகத்தைக் கேள்விக்குறியோடு எழுதி வைக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் அந்த இரண்டு வாரமும் கேள்விக்குறி இல்லாமலே ஊகித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் இருந்த வரிகள் இன்னும் பயனுள்ளவை: சாதன விவரத்தைப் படிப்பதில் பிழை -71, துண்டிப்பு, புதிய சாதனம், பிறகு டிடிஒய்யுஎஸ்பி2 ஆக இணைப்பு.

-71 என்பது நெறிமுறைப் பிழை. கணினி கேட்டதற்குச் சாதனத்திடமிருந்து பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் உருக்குலைந்து வந்தது என்பதுதான் அதன் பொருள். பிஆர்எல்டிடிஒய் பறித்துக்கொண்டபோது இந்த எண் வரவே இல்லை. ஆகவே இது வேறு கோளாறு.

டிடிஒய்யுஎஸ்பி2 என்ற பெயருக்கும் விளக்கம் தேவை. சாதனம் திடீரென்று துண்டிக்கப்பட்டாலும், நிரல் பழைய கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும் வரை கெர்னல் அந்த எண்ணை விடுவிப்பதில்லை. 0 தராசுக்கு, 1 பலகைக்கு என்றிருந்த நிலையில், மீண்டு வந்த தராசுக்குக் கிடைத்தது அடுத்த வெற்றிடமான 2. என் நிரலோ 0-வையே பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, தராசு ஒரு நொடிக்குள் திரும்பி வந்துவிட்டிருந்தது. ‘காணவில்லை’ என்றது நான் எழுதிய நிரல்தான்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் தயங்கியபடி ஒன்று சொன்னார். “முன்னாடியும் இப்படிப் போகும்ணே. நான் கணக்கை மூடிட்டு, வயரைக் கழட்டி மாட்டிட்டுத் திரும்பத் தொறப்பேன், வந்துரும். நீங்க வயரை மட்டும் மாட்டச் சொன்னீங்க, அதான் மூடாம மாட்டினேன்.” நிரலை மூடியதும் 0 விடுவிக்கப்படும், அதன்பின் மாட்டினால் தராசுக்கு 0 கிடைக்கும். காரணம் தெரியாமலே அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி சரியான வழி. அதைக் கெடுத்தது என் அறிவுரை. அதைவிட முக்கியம், ‘முன்னாடியும்’ என்ற சொல். பதிப்பை ஏற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் கை பட்ட மறுநாள் கோளாறு வந்ததால் அதற்குக் காரணம் என் கைதான் என்று நானே ஒப்புக்கொண்டு, அதற்கப்பால் தேடாமல் விட்டுவிட்டேன்.

மூன்றாவது பயணத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கெர்னல் பதிவு முழுவதையும் ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாக எடுத்தேன். உபுண்டு இந்தப் பதிவுகளைக் கணினியை அணைத்த பின்னும் சேமித்து வைப்பதால் பல மாதப் பதிவுகள் கிடைத்தன. -71 வரும் வரிகளை மட்டும் பிரித்து நாள், நேரத்தோடு தாளில் எழுதினேன். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்றுகூட இல்லை. அக்டோபர் கடைசியில் இரண்டு. நவம்பரில் ஒன்பது. டிசம்பரின் முதல் மூன்று வாரத்தில் முப்பத்தொன்று. அத்தனையும் காலை ஐந்து மணிக்கும் எட்டரைக்கும் இடையில். பதிப்பு ஏற்றிய நாள் அந்தப் பட்டியலில் எந்த அடையாளமும் இல்லாமல் நடுவில் கிடந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: அத்தனை பிழைகளும் தராசு இருந்த துளைக்கே உரியவை. பலகையின் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஒரே சில்லு, ஒரே இயக்கி, ஒரே கணினி, ஒரே கெர்னல். ஒன்று தினமும் விழுகிறது, மற்றது அசையவில்லை. மென்பொருள் காரணமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா விழ வேண்டும்? ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இரட்டைப் பிறவி முதல் நாளிலிருந்தே என் தலைக்கு மேல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

விடியற்காலையில் மட்டும் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. முதலாவது, கெர்னலே ஊகித்த மின்காந்தக் குறுக்கீடு. இராமேஸ்வரம், மண்டபம் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. விசைப்படகுகள் திரும்பும் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் கடையின் ஐஸ் இயந்திரம் ஓயாமல் ஓடும். தாளில் எழுதிய பிழைகளும் அந்த மூன்று நாட்களில்தான் மிகுதி. நீட்டிப்புக் கம்பியோ அந்த மோட்டாரிலிருந்து ஒரு முழ தூரத்தில் ஓடியது. இரண்டாவது விளக்கம், ஈரமும் உப்பும். வடகிழக்குப் பருவம் தொடங்கி வாடைக்காற்று வீசும் மாதங்களில், வடகடலிலிருந்து வரும் உப்புச் சாரல் வடக்குச் சன்னல் வழியாக நேரே கொட்டகைக்குள் நுழைகிறது. அக்டோபர் கடைசியில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் எண்ணிக்கைக்கு இது பொருந்தியது. மோட்டார் ஆகஸ்டிலும் ஓடியதே.

வெள்ளி பிற்பகலே, எடைக்கல்லைத் தராசில் வைத்துவிட்டு, ஐஸ் இயந்திரத்தை முப்பது முறை நிறுத்தி இயக்கிப் பார்த்தேன். ஒரு பிழைகூட வரவில்லை. சனிக்கிழமை இரவு மறுபடி வந்து கடையிலேயே தங்கி, ஞாயிறு காலை நாலரைக்கு எழுந்து, ஆறு மணி வரை இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அக்காவுக்கு விருப்பமில்லை, ஆனாலும் பையன்கள் ஐஸ் கட்டியைக் கட்டையால் அடித்து உடைத்தார்கள். மோட்டார் ஓடாமலே ஐந்து பத்துக்கு ஒருமுறையும் ஐந்து நாற்பதுக்கு ஒருமுறையும் -71 வந்தது. ஆறு மணிக்கு இயந்திரத்தை இயக்கியதும் இருபது நிமிடத்தில் நான்கு முறை வந்தது. அவற்றில் இரண்டில் கேள்விக்குறி போட்ட அந்த வரியும் இருந்தது. அப்படியானால் மோட்டார் மூலகாரணம் அல்ல. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததை அது கீழே தள்ளியது. நல்ல நிலையில் இருக்கும் இணைப்பை அதே மோட்டாரால் அசைக்க முடியவில்லை என்பதற்கு வெள்ளி பிற்பகலே சாட்சி.

அன்று காலையிலேயே இரண்டு மாற்றிகளையும் இடம் மாற்றினேன். பலகையின் மாற்றி தராசுக்கும், தராசின் மாற்றி பலகைக்கும் போயின. பிழை மாற்றியோடு போகவில்லை. நீண்ட கம்பியின் பாதையிலேயே நின்றது. மிச்சமிருந்தது கம்பிதான்.

இரண்டு நீட்டிப்புக் கம்பிகளும் ஒன்றோடொன்று சேரும் மூட்டு, வடக்குச் சன்னலின் மேல்சட்டத்தில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே நண்டுப் பெட்டிகள். மூட்டைத் தொட்டபோது விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லாத உப்பு. கைபேசி விளக்கில் உள்ளே பார்த்தேன். யுஎஸ்பி செருகியில் நான்கு தகடுகள் இருக்கும்: ஓரத்தில் 5 வோல்ட், நடுவில் தரவுக்கு இரண்டு, மறு ஓரத்தில் மின்சாரம் திரும்பிப் போகும் நிலம். நிலத் தகடு ஏறக்குறைய பளபளப்பாகவே இருந்தது. தரவுத் தகடுகளில் மங்கல் படர்ந்திருந்தது. 5 வோல்ட் தகட்டில் பொன்முலாம் கரைந்து, அடியிலிருந்த செம்பு பச்சைக் களிம்பாகப் பூத்து, தகட்டின் நுனி அரித்துக் குறுகியிருந்தது. உப்புநீர்ப் படலம் ஒன்றின்மேல் நேர்மின்னோட்டம் இருந்தால் நேர்முனையில் உள்ள உலோகம்தான் கரையும். மின்முலாம் பூசும் தொட்டியில் நிகழ்வதே இந்தச் செருகிக்குள்ளும் இரவு பகலாக நிகழ்ந்திருக்கிறது. கணினியை அணைத்த பின்னும் பல கணினிகளில் யுஎஸ்பி துளைகளுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். இந்தக் கணினியும் அந்த வகைதான் என்பதை அளந்து உறுதி செய்தேன்.

காலை ஒன்பது மணியோடு கோளாறு ஓய்ந்துவிடுவது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மார்கழி விடியலில் கரையோர ஈரப்பதம் பொதுவாக 75 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதில்லை. இரவில் ஈரமாகும் படலம் தகடுகளுக்கிடையே மின்சாரத்தைக் கசியவிட்டுத் தரவுச் சைகையையும் கெடுக்கிறது. வெயில் ஏறி ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடாகும்போது காய்ந்துவிடுகிறது. மாற்றியின் உறையைத் திறந்து 5 வோல்ட் கம்பியை அளந்தேன். யுஎஸ்பி 2.0 விதிப்படி கணினியின் துளையில் குறைந்தது 4.75 வோல்ட் இருக்க வேண்டும். கணினிப் பக்கம் 5.02 இருந்தது. தராசுப் பக்கம் ஆறரை மணிக்கு 4.1 முதல் 4.7 வரை ஆடியது. மூட்டை விரலால் தட்டினால் நான்குக்குக் கீழேயும் போனது. பத்து மணிக்கு அதே இடத்தில் 4.8. அதனால்தான் பிற்பகல் மூன்றரைக்கு நான் வைத்த ஐந்து கிலோ கல் எனக்குப் பொய் சொன்னது.

இங்கே அடிப்படைப் பிழை களிம்பு அல்ல, கம்பியின் அமைப்பு. யுஎஸ்பி 2.0 கம்பிக்கு நீள வரம்பு ஐந்து மீட்டர். இரண்டு நீட்டிப்புகளைச் சேர்த்துப் பத்து மீட்டர் ஓட்டியபோதே அது வரம்புக்கு வெளியே போய்விட்டது. உலர்ந்த காற்றில் தாக்குப்பிடித்ததால் மூன்று ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை. தராசு அனுப்புவதோ நொடிக்கு 9,600 துணுக்குகள் (பிட்). அதை மாற்றி யுஎஸ்பியின் 12 மெகாபிட் ஓட்டத்துக்கு, அதாவது 1,250 மடங்கு வேகத்துக்கு ஏற்றிவிட்டு, அந்த வேகமான ஓட்டத்தைப் போய் நீண்ட கம்பியில் உப்புக்காற்றுக்கு நடுவே அனுப்பியிருந்தேன். யுஎஸ்பி தரவுக் கம்பியின் ஏற்றம் 3.3 வோல்ட் மட்டுமே. ஆர்எஸ்-232 சைகை நேரும் எதிருமாக 5 முதல் 15 வோல்ட் வரை ஊசலாடும். 9,600 வேகத்தில் பதினைந்து மீட்டர் அதற்குப் பழகிய தூரம். தூரத்தைக் கடக்க வேண்டியது மெதுவான, வலுவான சைகை. மாற்றி இருக்க வேண்டிய இடம் கணினியின் முதுகு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் இதைத் தலைகீழாக வைத்திருந்தேன். காரணம் எளியது: நீட்டிப்புக் கம்பி கடையில் தயாராகக் கிடைத்தது, ஒன்பது ஊசிக் கம்பியைப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கடைசிப் பயணம். நடுவில் மூட்டே இல்லாத பன்னிரண்டு மீட்டர் உறையிட்ட கம்பியில் அனுப்பல், பெறுதல், நிலம் என்று மூன்று இழைகளை மட்டும் ஒன்பது ஊசிச் செருகிகளில் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடி, தராசுப் பக்கத் தொடர்பில் சிலிக்கோன் பசை தடவினேன். கம்பியைச் சன்னலிலிருந்து விலக்கித் தெற்குச் சுவர் வழியாக, மோட்டாரைச் சுற்றாமல் கொண்டுவந்தேன். மாற்றி இப்போது கணினியின் பின்பக்கத் துளையில், பலகையின் மாற்றிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணினியின் முன்பக்கத் துளைகளிலும் உப்பு படிந்திருந்ததால் அவற்றையும் துடைத்தேன். இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு தவறைக் குறிப்பிட வேண்டும்: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறையக் கரைவதே இல்லை. ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால் அழுக்கு போகும், உப்பு இடம் மாறி உட்காரும். கணினியின் மின்செருகியைக் கழற்றிவிட்டு, முதலில் வடிநீரில் நனைத்த பஞ்சால் உப்பை எடுத்து, அதன்பின் நீரை விரட்ட ஆல்கஹால் தடவி, நன்றாகக் காயவிட வேண்டும்.

பெயர்ச் சிக்கலைத் தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. இந்த மாற்றிகளில் வரிசை எண் பதிக்கப்படவில்லை; ஆகவே அடையாளத்தை வைத்து நிலையான பெயர் கொடுக்கும் வழி இங்கே உதவாது, இரண்டும் ஒரே ஆளாகத்தான் தெரியும். எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்துப் பெயரிடும் யூடெவ் விதி ஒன்றை எழுதி, ஒரு துளைக்குத் தராசு என்றும் மற்றதற்குப் பலகை என்றும் மாற்றுப்பெயர் கொடுத்தேன். டிடிஒய்யுஎஸ்பி எண் எதுவாக மாறினாலும் நிரல் இனி அந்தப் பெயரையே திறக்கும். துளைகளுக்கு மேலே வெள்ளை நாடாவில் அந்தப் பெண் தன் கையெழுத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி ஒட்டினார். நிரலிலும் படிப்பதில் பிழை வந்தால் கோப்பை மூடி, ஒரு நொடி காத்திருந்து, மறுபடி திறக்கும் பத்து வரிகளைச் சேர்த்தேன். அவை முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய வரிகள்.

பிஆர்எல்டிடிஒய் விதியில் செய்த மாற்றம் அப்படியே இருக்கிறது. அதை நீக்கினால் முதல் கோளாறு உடனே திரும்புகிறதா என்று ஒருமுறை சோதித்தேன், திரும்பியது. அதுவும் உண்மையான கோளாறுதான்.

வாடை இன்னும் ஓயாத பிப்ரவரி நடுவில் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த எட்டு வாரத்தில் தராசின் துளையில் மூன்று துண்டிப்புகள். மூன்றும் பிற்பகலில், ஒரே நாளில், பத்து நிமிடத்துக்குள். அன்று அறையை வெள்ளையடிக்கக் கணினியை நகர்த்தினார்களாம். -71 ஒன்றும் இல்லை. ஆனால் மாற்றியின் உலோக உறை ஓரத்தில் மெல்லிய வெண்மை படரத் தொடங்கியிருக்கிறது. ஏப்ரல் 15இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது விசைப்படகு வரத்து நின்று கடையில் வேலை குறையும். அந்த வாரத்தில் வடிநீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார் அக்கா.